ஆறு மீட்டர் படகில் தனியாக அட்லாண்டிக்: கேனரி தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை

பாய்மரப் படகில் ஒற்றை ஆளாக ஒரு பெருங்கடலைக் கடக்க நினைப்பவருக்கு இதைவிடச் சாதகமான தடம் கிடையாது. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேனரி தீவுகளில் கிளம்பி, வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு, கரீபியன் தீவுகளின் கிழக்கு முனையான பார்படோஸில் கரை சேரலாம். தூரம் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். சின்னப் படகால் முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. ஜான் கஸ்வெல் 1955-இல் கனடாவிலிருந்து கிளம்பி, தன் கையாலேயே கட்டிய ஆறேகால் மீட்டர் ‘ட்ரெக்கா’வில் 1959-இல் உலகைச் சுற்றி முடித்தார். 1977 முதல் நடக்கும் ‘மினி ட்ரான்சாட்’ பந்தயத்தில் படகின் நீளமே ஆறரை மீட்டர்தான், ஓட்டுபவரும் ஒருவர்தான்.

படகில் இருப்பது ஒரே ஆள். அவர் தூங்கியாக வேண்டும், சமைக்க வேண்டும், சில நாள் காய்ச்சலில் படுக்கவும் கூடும். அந்த நேரமெல்லாம் படகு தானே ஓட வேண்டும், தானே மிதக்க வேண்டும், மற்றவர் கண்ணில் தானே பட வேண்டும். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் தூங்குகிற ஆளை மனதில் வைத்துச் செய்பவை. 25 நாட் காற்றில் பாயைச் சுருக்கி ஓட்டத் தெரிந்தவருக்காக எழுதியது இது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். இனி மைல் என்று வருவதெல்லாம் கடல் மைல்தான்.

பருவமும் வழியும்

அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் நடுவிலேயே பல படகுகள் கிளம்பிவிடும். ஆனால் அப்போது வியாபாரக் காற்று இன்னும் நிலைப்பட்டிருக்காது. சின்னப் படகுக்கு ஜனவரி முதல் வாரம் நல்லது என்பது எங்கள் கருத்து. பிப்ரவரி கடைசியிலும் கிளம்பலாம். அப்படிக் கிளம்பினால், அடுத்த ஜூனுக்குள் கரீபியனை விட்டு எப்படி வெளியேறுவது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

வேகக் கணக்கு இப்படி. நீர்மட்டத்தில் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள படகின் இயல்பான உச்ச வேகம் ஐந்தரை நாட்டுக்குச் சற்று மேல். சராசரி மூன்றரை முதல் நான்கு நாட். மேற்கு நோக்கிய நீரோட்டம் நாளுக்குப் பத்து மைலுக்குமேல் இலவசமாகத் தரும். ஆக நாளுக்கு 90 முதல் 100 மைல், மொத்தம் 28 முதல் 32 நாள். தண்ணீரும் சாப்பாடும் 45 நாளுக்கு ஏற்றுங்கள்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு மேற்கே திருப்பிவிடாதீர்கள். முதலில் தென்மேற்காக இறங்கி வட அட்சம் 20 பாகை, மேற்குத் தீர்க்கம் 28 பாகை அருகே வந்து, அதன் பிறகு மெல்ல மேற்கே வளைய வேண்டும். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கின் தாழ்வழுத்தங்கள் சில சமயம் தெற்கே வால் நீட்டும். அப்போது வடக்கே இருக்கும் படகுக்கு வியாபாரக் காற்று செத்துப்போகும், அல்லது எதிர்க்காற்று அடிக்கும். பெரிய படகு அதை எதிர்த்து ஏறும். ஆறு மீட்டர் படகு அலையில் முட்டி நின்றுவிடும்.

கேனரியிலிருந்து சுமார் 850 மைலில் கேப் வெர்டியின் மிந்தெலோ துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை நிற்பது புத்திசாலித்தனம். உடையப்போகும் பொருளில் பாதி முதல் பத்து நாளிலேயே உடைந்துவிடும். அதைச் சரிசெய்துகொண்டு மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் மைலைத் தொடரலாம்.

கிளம்பும் நாளிலேயே ஒரு பொறி உண்டு. கேனரி தீவுகளின் மலைகளுக்கு இடையே காற்று குவிந்து, வானிலை அறிக்கை சொன்னதைவிட 10 முதல் 15 நாட் கூடுதலாக அடிக்கும். துறைமுக வாயிலில் தென்றலாக இருந்தாலும் பெரிய பாயைச் சுருக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

படகு

எடை, சாமானோடு சேர்த்து, ஒரு டன் அளவில் இருக்கும். கவிழ்ந்தால் தானே நிமிர வேண்டும். நிமிர்ந்த பிறகு உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தாலும் மிதக்க வேண்டும். முதலாவதைக் கீலில், அதாவது படகின் அடியில் இறங்கும் தகட்டில், உள்ள ஈயம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

மிதவைக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். கீலில் 250 கிலோ ஈயம் இருந்தால் தண்ணீருக்குள் அது ஏறக்குறைய 230 கிலோ இழுக்கும். 350 கிலோ ஃபைபர் உடல் தண்ணீருக்குள் 125 கிலோ இழுக்கும். நங்கூரம், சங்கிலி, கருவிகள் எல்லாம் சேர்த்து இன்னும் 60 கிலோ. ஆக 415 லிட்டர் தண்ணீர் ஊறாத மூடிய துளை நுரைப்பலகை வைத்தால் படகு மூழ்காமல் தள்ளாடும், அவ்வளவுதான். 700 லிட்டர் வைத்தால் உங்கள் எடையையும் தாங்கி, தண்ணீரை இறைக்க அவகாசம் கொடுக்கும். வைக்கும் இடமும் முக்கியம். எல்லாவற்றையும் அடியில் திணித்தால், தண்ணீர் நிறைந்த படகு குப்புறக் கவிழ்ந்தே மிதக்கப் பார்க்கும். ஒரு பங்கு அணியத்திலும் (படகின் முன்முனை) பின்பக்கத்திலும் இருக்கட்டும். பெரும்பங்கைப் பக்கச் சுவரோரம், தளத்துக்குச் சற்றுக் கீழே உயரமாகப் பதியுங்கள். உயிர்காப்புத் தெப்பம் 25 கிலோவுக்கு மேல் இருக்கும், இடத்தையும் அடைக்கும். இந்த அளவுப் படகில், அந்த எடையை நுரைப்பலகையில் போடுவதே மேல்.

பின்னால் உட்காரும் குழியில் 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்றால், ஓர் அலை வந்து விழுந்ததும் படகின் வாலில் 300 கிலோ உட்கார்ந்துவிடும். அடுத்த அலைக்கு அது ஏறாது. குழியைப் பெட்டியாலோ நுரையாலோ பாதியாகக் குறைத்து, வடிகால் இரண்டையும் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பி 3 மில்லிமீட்டர் என்றால் 4-க்கு மாற்றுங்கள். பத்து வயது தாண்டிய கம்பி பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பின்சுவரில் தொங்கும் சுக்கானைத் தாங்கும் முளைகளைப் போல்ட் போட்டு உள்பக்கம் தகடு வைத்து முடுக்க வேண்டும். திருகாணி போதாது. ஒரு முளைச் சோடியும் ஒரு மாற்றுச் சுக்கான் பலகையும் கையிருப்பில் இருக்கட்டும்.

பாய் வகையில் ஒரு பரிந்துரை. 1960-இல் நடந்த முதல் ஒற்றையாள் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் ‘ஜெஸ்டர்’ என்ற ஏழரை மீட்டர் படகில் சீனப் பாய் கட்டி 48 நாளில் நியூயார்க் சேர்ந்தார். குறுக்குச் சட்டங்கள் கோத்த ஒற்றைப் பாய் அது. கதவுத் திறப்பில் நின்றபடியே பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தினால் பாய் மடிந்து இறங்கும். அலை ஏறும் அணியத்துக்கு இருட்டில் தவழ்ந்து போக வேண்டாம். புதிதாகப் படகு தயார் செய்பவர் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்கலாம். வழக்கமான முக்கோணப் பாய் என்றால், பாயை ஏற்றவும் சுருக்கவும் உள்ள எல்லாக் கயிறுகளையும் கதவுத் திறப்புக்கே கொண்டுவாருங்கள்.

தானே ஓடும் சுக்கான்

ஒரு மாதம் நாள் முழுக்கச் சுக்கான் பிடிக்க எவராலும் முடியாது. மின்சாரத்தில் ஓடும் ஆட்டோபைலட் உப்புநீரில் நனைந்து போகும், பேட்டரியையும் தின்னும். முதன்மை ஏற்பாடு விண்ட்வேன் எனப்படும் காற்றுத் தகட்டுக் கருவியாக இருக்கட்டும். படகின் வாலில் நிற்கும் ஒட்டுப்பலகைத் தகடு காற்றின் திசையைப் பார்க்கும். படகு திசை மாறினால் தகடு சாயும். சாயும் தகடு, கீழே தண்ணீரில் தொங்கும் துடுப்பைச் சற்றே திருப்பும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசைதான் கயிறு வழியாகச் சுக்கான் தண்டை இழுக்கிறது. தகடு கட்டளை மட்டுமே கொடுக்கிறது, பலம் படகின் வேகத்திலிருந்து வருகிறது. அதனால்தான் காற்று வலுக்க வலுக்க அது நன்றாக வேலை செய்யும்.

சொதப்புவது மெல்லிய பின்காற்றில். காற்று 8 நாட், படகு 4 நாட் என்றால் தகட்டின் மேல் படுவது வெறும் 4 நாட். தகடு சோம்பி ஆடும், படகு பாம்பாக நெளியும். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. தகட்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சின்ன மின் ஆட்டோபைலட்டின் தண்டை மாட்டுங்கள். அது செய்ய வேண்டியது தகட்டின் வேலையை மட்டும்தான் என்பதால் மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும்.

பாய்கள் சமனில்லாத படகை எந்தக் கருவியாலும் ஓட்ட முடியாது. கருவியை மாட்டுவதற்கு முன் சுக்கான் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். விரல் வலித்தால் பாய் அதிகம், பெரும்பாலும் பெரிய பாய்தான் அதிகம். முழுப் பின்காற்றில் பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பக்கத்தில் இரண்டு பாய்களை, ஒவ்வொன்றும் 5 சதுர மீட்டர் அளவில், இருபுறமும் கழி கொடுத்து விரிப்பது சிறுபடகுக்காரர்களின் பழைய வழி.

இந்த இரட்டை முன்பாயே சுக்கானையும் பிடிக்கும். கழிகள் பக்கவாட்டிலிருந்து 20 முதல் 25 பாகை முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வலப்பாயின் தாமான் கயிறு (பாயின் கீழ்மூலையைப் பிடித்திழுப்பது) வலப்புறப் பின்மூலைக் கப்பி வழியாகச் சுக்கான் தண்டுக்கு வரட்டும், இடப்பாயினது இடப்புறக் கப்பி வழியாக. அணியம் வலப்பக்கம் திரும்பினால் காற்று வலப்பாயில் நேராக அடிக்கும், இடப்பாயில் சரிந்து போகும். வலப்பாய் பலமாக இழுத்துச் சுக்கான் தண்டை வலப்பக்கம் கொண்டுபோகும். தண்டு வலம் போனால் அணியம் இடம் திரும்பும். படகு வழிக்கு வந்துவிடும். கழி முன்னோக்கிச் சாயாமல் நேர் குறுக்காக நின்றால் இரண்டு பாயும் ஒரே அளவு இழுக்கும், இந்த வித்தை நடக்காது. ‘கட்டிப் பார்த்தேன், வேலை செய்யவில்லை’ என்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

இதில் படகு ஊசல்போல் உருளும், அது உடம்பை வதைக்கும். பெரிய பாயில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஏற்றி, நடுக்கோட்டில் இறுக்கித் தட்டையாகக் கட்டினால் உருட்டல் பாதியாகக் குறையும்.

பக்கக் காற்றுக்கு ஒரு மாற்று ஏற்பாடு. முன்பாயின் தாமானிலிருந்து ஒரு கயிறு பிரித்து, காற்று வரும் பக்கத்துக் கப்பி வழியாகச் சுக்கான் தண்டில் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் 10 மில்லிமீட்டர் லேடெக்ஸ் ரப்பர் குழாயைக் கட்டி இழுவிசை கொடுங்கள். காற்று வலுத்தால் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதே காற்று தாமானை இழுக்க, தண்டு காற்றுப் பக்கம் வந்து அணியத்தை விலக்கும். காற்று தணிந்தால் ரப்பர் தண்டைத் திருப்பி இழுக்கும். வெயில் ரப்பரைச் சில வாரங்களில் வெடிக்கவைக்கும், ஆகவே ஐந்து மீட்டர் கூடுதலாக வாங்கி உள்ளே இருட்டில் வையுங்கள். விண்ட்வேன் உடைந்த நாளில் உங்களைக் கரை சேர்க்கப்போவது இந்தக் குழாய்தான், ஆகவே கிளம்பும் முன்பே கட்டிப் பழகுங்கள்.

தூக்கமும் கப்பல்களும்

கடல் சாலை விதிகளின் ஐந்தாவது விதி, எந்நேரமும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. தனியாள் தூங்கும்போது அந்த விதி மீறப்படுகிறது. இதை மறைக்காமல் தெரிந்துகொண்டு, ஆபத்தை முடிந்தவரை குறைப்பதுதான் வேலை.

பெரிய கப்பலின் உச்சி விளக்கு குறைந்தது 6 மைல் தெரிய வேண்டும் என்பது விதி. 18 நாட் வேகக் கப்பல் 6 மைலை 20 நிமிடத்தில் கடக்கும். நீங்களும் அதை நோக்கி 4 நாட்டில் போனால் 16 நிமிடம்தான். எனவே கரையருகிலும் கப்பல் தடங்களிலும் 15 நிமிடத்துக்கு ஒரு எழுப்புமணி. நடுக்கடலில், ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று வானொலியில் அறிவிக்கும் முறை) எச்சரிக்கை ஒலி வேலை செய்வதை உறுதிப்படுத்திய பிறகு, ஒன்றரை மணி நேரம் வரை நீட்டலாம்.

எழுந்து பார்ப்பதிலும் முறை இருக்கிறது. உட்கார்ந்த உங்கள் கண் தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மூன்று மீட்டர் அலையின் பள்ளத்தில் இருக்கும்போது சுற்றிலும் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். படகு அலையுச்சிக்கு ஏறும் இரண்டு மூன்று விநாடிதான் பார்வை நேரம். ஓர் உச்சியில் ஒரு கால்வட்டம் என்று எட்டுப் பத்து அலைகளுக்குப் பார்த்தால்தான் முழு வட்டம் பார்த்ததாகும். தலையை நீட்டி ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் படுப்பது பார்த்ததாகாது.

ஏஐஎஸ்ஸில் பெறும் கருவி மட்டும் போதாது. உங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ‘பி’ வகைக் கருவி வேண்டும். ஆன்டெனாவைப் பாய்மர உச்சியில் வையுங்கள். 2 வாட் சக்தியில் நடைமுறையில் 5 முதல் 10 மைல் எட்டும். வேகம் 2 நாட்டுக்குக் கீழே போனால் இந்த வகையில் பல கருவிகள் 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புவதை விட்டு 3 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். காற்றில்லாமல் மிதக்கும் நாளில் நீங்கள் அதிகம் மறைந்திருக்கிறீர்கள் என்று பொருள். அன்று விஎச்எஃப் கடல் வானொலியில் 16-ஆம் அலைவரிசையைத் திறந்தே வையுங்கள்.

நாளுக்கு மொத்தம் 5 முதல் 6 மணி நேரத் தூக்கம் சேர வேண்டும். பகலில்தான் பிறர் கண்ணில் படுவீர்கள், பகலில் அதிகம் தூங்குங்கள். முதல் மூன்று நாள் தூக்கமே வராது, கடல்நோயும் இருக்கும். அந்த நாட்களில் கப்பல் தடத்தைவிட்டு வெளியே போவதைத் தவிர வேறு இலக்கு வைக்காதீர்கள். 1965-இல் நான்கு மீட்டர் ‘டிங்கர்பெல்’ படகில் 78 நாளில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து போன ராபர்ட் மேன்ரிக்குத் தூக்கக் குறைவால் இல்லாத ஆட்கள் படகில் தெரிந்தார்கள். குரல் கேட்கிறது, ஆள் தெரிகிறது என்றால் பயப்படாதீர்கள். பாயை இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் படுங்கள். அந்த நிலையில் பாய்மரம் ஏறுவதோ, திசை மாற்றும் முடிவெடுப்பதோ கூடாது.

படுக்கை படகின் நடுவில், தரை மட்டத்தில், தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக. உருளும் படகில் அகலமான மெத்தையில் இரவெல்லாம் தசை விழித்தே இருக்கும். மார்புக்கும் தொடைக்கும் பட்டை வைத்துக் கட்டிக்கொள்ளும் வசதி இருக்கட்டும்.

விழாமல் இருப்பது

தவறி விழுந்தால் விண்ட்வேன் படகை 4 நாட்டில் ஓட்டிக்கொண்டு போய்விடும். அந்த வேகத்தை நீந்திப் பிடிக்க முடியாது. பின்னால் மிதக்கவிட்ட கயிற்றைப் பிடித்து ஏறலாம் என்பதை நம்பாதீர்கள். 4 நாட்டில் இழுபடும் கயிற்றில் கை நிற்காது. மேன்ரி பலமுறை அலையால் வெளியே எறியப்பட்டார், ஒவ்வொரு முறையும் இடுப்புக் கயிறுதான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது.

தளத்தின் நடுக்கோட்டில் நீளவாக்கில் ஒரு பட்டை, உடலில் ஒரு மீட்டரில் ஒன்றும் இரண்டு மீட்டரில் ஒன்றுமாக இரு இணைப்புக் கயிறு. பட்டை ஓரத்தில் ஓடினால் விழுந்தவர் தண்ணீரில் இழுபடுவார். நடுவில் ஓடினால் குட்டைக் கயிறு அவரைத் தளத்திலேயே நிறுத்தும். கதவைத் தாண்டும் முன்பே, உள்ளே நிற்கும்போதே கொக்கியை மாட்டுங்கள். தனிநபர் அபாய ஒலிபரப்பி உடலிலும், பதிவுசெய்த 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிர்ப் (செயற்கைக்கோளுக்கு அபாயக்குறி அனுப்பும் படகுக் கருவி) கதவருகிலும் இருக்கட்டும்.

தண்ணீர், சாப்பாடு, எடை

தண்ணீர் நாளுக்கு இரண்டரை லிட்டர், 45 நாளுக்கு 112 லிட்டர். பத்து லிட்டர் கேன்களாகப் பிரித்து, கீலுக்கு மேல் தாழ்வாகக் கட்டுங்கள். ஒரே தொட்டி வேண்டாம், ஒரு விரிசலில் எல்லாம் போய்விடும். அணியத்தை ஒட்டியுள்ள கேனை முதலில் காலி செய்யுங்கள், தலை கனத்த படகு அலையைக் குத்தும். கையால் இயக்கும் உப்புநீக்கிகளில் சிறியதான கட்டடின் சர்வைவர் 06 மணிக்கு 0.9 லிட்டர் அளவுதான் தரும். அவசரத்துக்கு மட்டும். கரீபியனை நெருங்கும்போது மழைத்தூறல் மேகங்கள் வரும். பாயில் வழியும் முதல் தண்ணீர் உப்பைக் கழுவட்டும், அடுத்ததைப் பிடியுங்கள்.

நம் சமையலறை இதற்கு நன்றாகவே கைகொடுக்கும். அடுப்பு மூட்ட முடியாத நாளில் அவலைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் சாப்பாடு ஆயிற்று. பொரிகடலை, சத்துமாவு, புளிக்காய்ச்சல், ஊறுகாய், கடலைமிட்டாய் எல்லாம் ஈரமில்லாமல் அடைத்தால் இரண்டு மாதம் தாங்கும். பச்சைப்பயறை ஈரத்துணியில் முளைகட்டினால் இரண்டு நாளில் புதிய கீரைக்கு இணையான ஒன்று கிடைக்கும், வைட்டமின் சி-யும் வரும். சோறு வடிக்க ஒரு பங்கு கடல்நீர், மூன்று பங்கு நல்ல தண்ணீர், உப்புப் போட வேண்டாம். உலர்பொருள் கணக்கில் நாளுக்கு முக்கால் கிலோ, மொத்தம் 35 கிலோ, அதன்மேல் டின் உணவு 20 கிலோ.

ஜெட்பாயில் வகை அடுப்பில் 100 கிராம் எரிவாயுக் குப்பி ஏறக்குறைய 12 லிட்டரைக் கொதிக்கவைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. காற்றில் பாதி வீணாகும், ஒன்பது குப்பி எடுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். குப்பிகளைக் கதவுக்கு வெளியே வடிகாலுள்ள பெட்டியில் வையுங்கள்.

ஆள் 75, தண்ணீர் 112, உணவு 55, நங்கூரமும் சங்கிலியும் 25, கயிறும் இழுவைக் கூம்புகளும் 20, கருவிகள் 30, பேட்டரியும் மின்பொருளும் 20, துணியும் மருந்தும் 15. மொத்தம் 352 கிலோ. இதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் படகின் பக்கச் சுவரைத் தண்ணீருக்குள் இறக்கும்.

மின்சாரம் சுருக்கமாக: ஏஐஎஸ் நாளுக்கு 70 முதல் 100 வாட்-மணி, உச்சி எல்இடி விளக்கு 30, தொலைபேசி, ஜிபிஎஸ், செயற்கைக்கோள் செய்திக் கருவி சேர்த்து 40. பாயின் நிழலைக் கழித்தால் 50 வாட் சூரியப் பலகை ஒன்று 150 தான் தரும். ஆகவே இரண்டு பலகை, இரு பக்கமும் ஒவ்வொன்று. 12 வோல்ட் 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்கும்.

தேய்மானம்

வியாபாரக் காற்றுப் பயணத்தின் உண்மையான எதிரி இது. ஒரே திசைக் காற்று, ஒரே பாய், ஒரே உருட்டல். படகு நிமிடத்துக்குப் பதினைந்து முறை உருண்டால் நாளுக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் ஒரே கயிறு ஒரே இடத்தில் உரசுகிறது. 8 மில்லிமீட்டர் கயிறும் ஒரு வாரத்தில் பஞ்சாகிவிடும்.

ஆஞ்சான் கயிற்றைத் தினமும் பத்து சென்டிமீட்டர் இறக்கியோ ஏற்றியோ கப்பியில் படும் இடத்தை மாற்றுங்கள். கழிமுனையில் தாமான் உரசும் இடத்தில் ரப்பர் குழாயைக் கிழித்துச் சுற்றுங்கள். காலையில் ஒரு சுற்று: கழிமுனை, கப்பிகள், சுக்கான் முளை, விண்ட்வேன் கயிறு, மூட்டுகள் கழலாமல் பிடிக்கும் ஊசி ஆணிகள். தளத்தில் உதிர்ந்து கிடக்கும் ஒரு சின்ன ஊசி ஆணியோ, நூல் துணுக்கோ மேலே எங்கோ ஒன்று விடுபட்டதன் அறிகுறி. எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். தாங்குகம்பி அறுந்தால் 4 மில்லிமீட்டர் டைனீமா (உறுதியான செயற்கை இழை) கயிறு ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்கும், பதினைந்து மீட்டர் எடுத்துப்போங்கள்.

உடம்புக்கும் இதே தேய்மானம் உண்டு. உப்பு நனைந்த துணியில் உட்கார்ந்தே இருந்தால் பிட்டத்தில் கொப்புளம் கிளம்பி புண்ணாகும். தினமும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, உலரவிட்டு, துத்தநாகக் களிம்பு போடுங்கள்.

2011-இலிருந்து வெப்பமண்டல அட்லாண்டிக்கில் சர்காசம் என்ற மிதக்கும் கடல்பாசி மிகுதி. பாதி வழிக்குப் பிறகு திட்டுத்திட்டாக வரும். விண்ட்வேன் துடுப்பில் சுற்றினால் கருவி செயலிழக்கும், சுக்கானில் சுற்றினால் வேகம் பாதியாகும். துடுப்பை மேலே தூக்கும் வசதி இருக்க வேண்டும், நீளக் கழியில் ஒரு கொக்கியும் வேண்டும்.

கடுங்காற்று

இந்தத் தடத்தில் பொதுவாக வருவது புயலல்ல, பின்னாலிருந்து வரும் மழைமேகக் காற்று. 15 நாட் நொடியில் 35 ஆகி, அரைமணியில் ஓயும். பகலில் கருமேகம் தெரியும், இரவில் நட்சத்திரம் மறைவதுதான் அடையாளம். அந்தி சாயும்போதே ஒரு படி பாயைக் குறைத்துவிடுங்கள். இதில் இழப்பது பத்து மைல், கிடைப்பது ஓர் இரவுத் தூக்கம்.

அலை பெரிதாகிப் படகு சறுக்கத் தொடங்கினால் எல்லாப் பாயையும் இறக்கிவிட்டு, பின்னால் தொடர் கூம்பு இழுவையை விடுங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தய விபத்துக்குப் பிறகு டொனால்ட் ஜோர்டான் வடிவமைத்தது இது. நீளக் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒன்றாக 13 சென்டிமீட்டர் அகலத் துணிக் கூம்புகள், நுனியில் சங்கிலி எடை. ஒற்றைக் கூம்பு அலையின் முகத்தில் பிய்ந்து வெளியே வந்துவிடலாம். தொடரில் சில எப்போதும் ஆழத்தில் பிடித்திருக்கும். படகின் இரு பின்மூலைகளிலும் கயிற்றைக் கட்டுங்கள், அந்த மூலைகளுக்கு உள்பக்கத் தகடு வேண்டும். பிறகு உள்ளே போய், கதவுப் பலகைகளை மூடி, தலைக்கவசம் போட்டு, பட்டையைக் கட்டிப் படுங்கள். வெளியே இருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கிளம்பும் முன்

ஓர் இரவு, மூன்று நாள், பிறகு 500 மைல் என்று படிப்படியாகப் போங்கள். மினி ட்ரான்சாட்டில் கலந்துகொள்பவர்கள் பந்தயத்துக்கு முன் 1,000 மைல் நிறுத்தாமல் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். போர்ச்சுகலின் கஸ்காயிஸிலிருந்து மதேரா தீவு ஐந்நூறு மைல், சோதனைக்குப் பொருத்தமான தூரம். அங்கிருந்து கேனரி முந்நூறு மைலுக்குள். போர்ச்சுகல், ஸ்பெயின் கரையில் 2020 முதல் ஓர்க்கா திமிங்கலங்கள் சுக்கானைக் கடித்து உடைக்கின்றன. ஐபீரியக் கரையோரம் போகும்போது ஆழம் குறைந்த நீரில், கரையை ஒட்டிப் போவது பாதுகாப்பு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவின் நாள்கணக்கைப் பயிற்சிக் காலத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள், படகில் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

கரை சேர்தல்

பார்படோஸ் வட அட்சம் 13 பாகையில் இருக்கும் தாழ்வான தீவு. தொலைவிலிருந்து மலை தெரியாது. 200 மைல் இருக்கும்போதே அதன் அட்சத்துக்கு வந்துவிடுங்கள். மீன்பிடிப் படகுகளும் கப்பல்களும் இங்கே கூடும், தூக்கத்தை மீண்டும் 15 நிமிடமாக்குங்கள். கடைசி இரவுக்கு முந்தைய பகலில் நன்றாகத் தூங்கிவையுங்கள். கரை தெரிந்ததும் களைப்பு ஒரேயடியாக இறங்கும், தனியாகப் போகும் படகுகள் பல அங்கேதான் பாறை ஏறுகின்றன.

தீவின் தென்கிழக்கே காப்லர்ஸ் பவளப்பாறைத் திட்டு கரைக்கு இணையாக நீள்கிறது. கிழக்குக் கரையை நெருங்கவே வேண்டாம். தெற்கு முனையை நன்றாக விலகிச் சுற்றி மேற்குப் பக்க அமைதியான நீருக்குப் போங்கள். இரவில் வந்து சேர்ந்தால் பத்து மைல் தள்ளியே நில்லுங்கள். முன்பாயைக் காற்றுப் பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கான் தண்டை எதிர்ப்பக்கம் கட்டினால் படகு ஏறக்குறைய நின்றுவிடும். நீரோட்டம் மேற்கே தள்ளுவதைக் கணக்கில் எடுங்கள், விடிவதற்குள் ஐந்தாறு மைல் நகர்ந்திருப்பீர்கள். நுழைவு அனுமதி கோரும் மஞ்சள் கொடி ஏற்றி, 16-இல் துறைமுகத்தைக் கூப்பிட்டு, குடியேற்றச் சோதனை முடியும்வரை யாரையும் படகில் ஏற்றாதீர்கள்.

காற்றோ நீரோட்டமோ தள்ளித் தீவைத் தவறவிட்டால் திரும்பி வர முயலாதீர்கள். எதிர்க்காற்றில் ஆறு மீட்டர் படகு அந்த இருபது மைலுக்கு இரண்டு நாளும் மிச்சமுள்ள தெம்பும் செலவழிக்கும். மேற்கே சுமார் 90 மைலில் செயின்ட் வின்சென்ட்டும் செயின்ட் லூசியாவும் இருக்கின்றன, இரண்டும் உயரமான மலைத் தீவுகள். அதற்கான வரைபடங்களைக் கேனரியிலேயே வாங்கி வைத்திருங்கள்.